கட்டில் காலில் ஒரு சிவப்பு டேக்

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வலது பெருவிரலில்தான் தொடங்க வேண்டும். முகம்கூட எனக்கு இப்போது கொஞ்சம் மங்கிவிட்டது. அந்த விரல் மங்கவில்லை. தட்டையான நகம், ஓரமெல்லாம் கறுப்பு, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கிரீஸ் வாசனை. பகலில் அந்த விரல் சாரத்தின் இரும்புப் பூட்டுகளை அழுத்திப் பார்க்கும். வியாழக்கிழமை சாயங்காலமானால் அதே விரல் எங்கள் முழங்காலையும் கணுக்காலையும் அழுத்திப் பார்க்கும். இரும்பைப் பார்க்கும்போதும் எங்களைப் பார்க்கும்போதும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வளைகுடாவில், சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் கேம்ப். ஆலைகளுக்குச் சாரம் கட்டிக்கொடுக்கிற காண்ட்ராக்ட் கம்பெனி எங்களுடையது. நாங்கள் கட்டி முடித்ததும் அவர் ஏறிப் பார்ப்பார், அதுதான் அவர் வேலை. சரியாக இருந்தால் ஏணியடியில் கையெழுத்துப் போட்ட பச்சை டேக் தொங்கும். இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு தொங்கினால் மேனேஜரே வந்தாலும் ஏறக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. சிவப்பைத் தொங்கவிட்ட ஆள்தான் திரும்ப வந்து பார்த்து அதைக் கழற்ற வேண்டும், வேறு எவனும் தொடக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டூட்டி முடிந்த பிறகு அவர் எங்கள் ஃபுட்பால் டீமின் கோச். கேம்ப் மொத்தமும் அவரைக் கோச்சண்ணன் என்றுதான் கூப்பிடும். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தை உதைத்துக்கொண்டுதான் நடக்கும் என்பார்கள். நானோ அறந்தாங்கிப் பக்கம். எங்கள் ஊரில் கபடி தெரியும், மாடு பிடிக்கத் தெரியும். பந்தைப் பார்த்தால் கையில் எடுக்கத்தான் தோன்றும்.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் டீமை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். செவன்ஸ் ஆட்டம், ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். எங்கள் ஏழு பேரும் பந்து எங்கே போனாலும் ஈக்கூட்டம் மாதிரி கூடவே ஓடுவோம். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கும், அதற்குள் நாலு கோல் வாங்கியிருப்போம். அப்புறம் ரெஃப்ரியோடு சண்டை போட்டுவிட்டு பஸ் ஏறி வந்து பிரியாணி சாப்பிடுவோம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. யார் கேட்டார்கள் இவரை?

வந்த முதல் மூன்று வெள்ளிக்கிழமையும் பந்தைக் கண்ணில் காட்டவில்லை மனிதர். கேம்ப்புக்குப் பின்னால் ஒரு பொட்டல், அதுதான் மைதானம். ஆளுக்கொரு சிமெண்ட் பையைக் கையில் கொடுத்தார். "கல்லு பொறுக்குங்கல" என்றார். வரிசையாக நின்று, குனிந்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பொறுக்கினோம். ஆறு நாள் வெயிலில் இரும்புக்குழாய் தூக்கிவிட்டு ஏழாவது நாள் கல் பொறுக்க எவனுக்குய்யா மனசு வரும்? ஒரு பையன் வாய்விட்டே கேட்டான், "கோச்சண்ணே, இதுக்கும் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ நிக்கப் போற எடத்த நீதாம்ல பாக்கணும். ஒனக்கு வேற ஆரு பாப்பா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்தார். எங்களைவிட அவர் பை சீக்கிரம் நிரம்பியது.

பந்து வந்த பிறகும் ஓடவிடவில்லை. நின்ற இடத்திலிருந்து அடுத்தவன் காலுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தொடர்ந்து பத்து முறை தப்பாமல் போக வேண்டும், நடுவில் ஒன்று தப்பினாலும் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணிக்கை. கோல் போட்டால் கத்தக் கூடாது, சட்டையைக் கழற்றக் கூடாது, வந்து அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். ரெஃப்ரியிடம் வாயைத் திறந்தால் அடுத்த இரண்டு மேட்ச் வெளியே. வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு ரூம் வாசலில் பூட்ஸ் ஜோடியாக, துடைத்து, முனை வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும். ஐந்து முப்பத்தொன்றுக்கு வைத்தவன் அன்றைக்குத் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வரலாம், ஆட முடியாது.

இதற்கெல்லாம் உச்சம் அந்த டேக். சைட்டில் பழசாகித் தூக்கிப்போடுகிற டேக்குகளைச் சேர்த்து, தின்னர் போட்டுத் துடைத்து, ஒரு சாக்கில் வைத்திருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் ரூம் ரூமாக வருவார். கட்டிலில் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்ப்பார். நகம் வெட்டியிருக்கிறதா பார்ப்பார். கண் ரப்பையை இழுத்துப் பார்ப்பார், தூங்கினானா, குடித்தானா என்று. கடைசியில் ஒரு கேள்வி: "வீட்டுக்கு விளிச்சியா?" வீட்டுக்கு ஃபோன் பண்ணாதவனுக்கும் சிவப்புதான். மனசு எங்கேயோ கிடக்கிறவனை நம்பிப் பந்தைக் கொடுக்க முடியாதாம். பார்த்து முடித்ததும் மார்க்கரால் கையெழுத்துப் போட்டு டேக்கைக் கட்டில் காலில் மாட்டிவிட்டுப் போவார். மறுநாள் பச்சை டேக்கைக் கையில் கொண்டுவந்து கொடுத்தவன்தான் மைதானத்தில் கால் வைக்கலாம். கையெழுத்தின் கடைசியில் ஒரு புள்ளி வைப்பார். மார்க்கர் முனை நசுங்குகிற அளவுக்கு அழுத்தி வைப்பார்.

மலப்புறத்துக்காரன் ஒருவன் இருந்தான், எங்கள் டீமில் உண்மையிலேயே பந்து தெரிந்த ஒரே ஆள். அரையிறுதியில் மூன்று கோல் போட்டான். ஃபைனலுக்கு முந்தின சாயங்காலம் அவன் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிவப்பை மாட்டினார். கேம்ப்பே கெஞ்சியது. அவன் மலையாளத்தில் திட்டிய திட்டெல்லாம் எங்களுக்குப் புரியாமலா இருக்கும்? இவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவன் இல்லாமல் ஆடினோம். கடைசி ஐந்து நிமிஷத்தில் எங்கள் சமையல்கார நேபாளி ஒரு கோல் போட்டான், ஜெயித்தோம். அந்த மலப்புறத்துக்காரன்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்து நேபாளியைத் தோளில் தூக்கினான். அதற்குப் பிறகு அவனுக்கு ஒருநாளும் சிவப்பு விழவில்லை.

தொடர்ந்து மூன்று வருஷம் கோப்பை எங்கள் மெஸ்ஸில்தான் இருந்தது, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில். ஊரிலிருந்து ஆட்டக்காரர்களை விசிட் விசாவில் கூட்டிவருகிற பெரிய டீமெல்லாம் எங்களைக் கண்டால் அடங்கி நிற்கும். நாங்கள் சத்தம் போட மாட்டோம், சிரிக்க மாட்டோம், பந்து ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது அழகு. எங்களுக்கு அது இன்னொரு டூட்டி. ஞாயமாகச் சொன்னால் எனக்கு எத்தனையோ வெள்ளிக்கிழமை தூங்கத்தான் ஆசையாக இருந்தது. ஆனாலும் எழுந்து பூட்ஸைத் துடைத்தேன். அவர் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்து "கொள்ளாம்" என்றார், ஒரு தடுப்புக்காக. அவர் ஊர்ப் பேச்சில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு வருஷம் ஓடினேன் என்றால் நம்புவீர்களா?

நாலாவது வருஷ ஃபைனல்தான் என் கதை. பக்கத்திலிருந்த பெரிய கம்பெனி ஒன்றின் அட்மின் ஆபீஸர் ஆட்டக் கிறுக்கர். அவர்கள் டீமுக்கு ஆள் வேண்டியிருந்தது. "ஃபைனலைப் பார்த்துட்டு மூணு பேரை எடுப்பேன், டைரக்ட் விசா, ஸ்டோர்ல வேலை" என்று எங்களிடமே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸ்டோர் என்றால் ஏசி. ஏணி ஏற வேண்டாம், குழாய் தூக்க வேண்டாம். நான் அப்போது எட்டு வருஷமாக ஏறிக்கொண்டிருந்தேன். என் பெண் ஃபோனில் "அப்பா, கீழ இருக்கீங்களா, மேல இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள். எனக்கு அந்த ஸ்டோர் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், அது மட்டும் வேண்டும்.

ஃபைனலுக்கு மூன்று நாள் முன்னால் பஸ் படியில் கால் பிசகி முழங்கால் வீங்கியது. ஐஸ் வைத்தேன், தைலம் தேய்த்தேன், யாரிடமும் மூச்சுவிடவில்லை. வியாழக்கிழமை அவர் வந்தார். விரலை வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"வலிக்கா?"

"இல்லண்ணே."

இன்னும் கொஞ்சம் அழுத்தினார். என்னை அறியாமல் கால் இழுத்துக்கொண்டது.

"அண்ணே, இந்த ஒரு ஆட்டம். அந்த ஆபீஸர் வர்றாருண்ணே. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்ப பச்சையப் போடுங்கண்ணே. ஒடைஞ்சா எங்காலுதான?"

"நான் பாத்தாச்சு மக்கா" என்றார். சிவப்பை மாட்டினார். அடுத்த ரூமுக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை அவர் சாக்கிலிருந்து ஒரு பச்சை டேக்கை எடுத்தேன். அவர் கையெழுத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். போட்டேன், புள்ளியும் வைத்தேன். சைட்டில் இதைச் செய்தால் அன்றைக்கே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மைதானத்தில் ஒவ்வொருவராக டேக்கைக் கொடுத்தோம். என்னுடையதை வாங்கியவர் கையெழுத்தைப் பார்க்கவில்லை. டேக்கைத் திருப்பினார். பின்பக்கத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். அவர் புள்ளி வைத்தால் பின்பக்கம் புடைத்திருக்கும். என்னுடையது வழவழவென்று இருந்தது.

டேக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "தண்ணி கேன எடுத்துட்டு அங்க போயி இரி" என்றார்.

ஆட்டத்தை ஜெயித்தார்கள். நான் இல்லாமலே ஜெயித்தார்கள், அதுதான் இன்னும் எரிச்சல். ஆபீஸர் மூன்று பேரை எடுத்தார். அந்த நேபாளி அதில் ஒருவன். நான் கோச்சண்ணனிடம் பேசுவதை விட்டேன். சாப்பாட்டு வரிசையில் அவர் பின்னால் நிற்க நேர்ந்தால் விலகிப் போய் கடைசியில் நின்றேன். நான் கள்ளக் கையெழுத்துப் போட்ட கதை மட்டும் கேம்ப்பில் எப்படியோ பரவி, "சார், ஒரு கையெழுத்து" என்று என்னைக் கேலி செய்தார்கள். அவர் சொல்லியிருக்க மாட்டார். நான் எழுதியதைப் பார்த்த எவனோ சொல்லியிருக்கிறான்.

பத்து நாளில் எனக்கு வேலை மாறியது. இனி ஏற வேண்டாம், இன்ஸ்பெக்டர் கோச்சண்ணனுக்கே ஹெல்பர், டேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் கூடவே கீழே நிற்க வேண்டும். அவரே ஆபீஸில் போய் கேட்டு வாங்கியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. என்னிடம் சொல்லவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. முழங்கால் ஆறட்டும் என்று நினைத்தாரோ, என் மேல் கண் வைத்திருக்க நினைத்தாரோ, யாருக்குத் தெரியும்? மூன்று மாதம் அப்படியே போனது. அவர் மேலே ஏறி ஒவ்வொரு பூட்டாக அழுத்துவார், நான் கீழே பெட்டியோடு நிற்பேன்.

அப்புறம் ஷட்டவுன் வந்தது. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற காலம், எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை. ஒருநாள் காலை ரெசிடென்ட் கார்டு புதுப்பிக்க இவரை மெடிக்கலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "நான் வாறது வர ஒண்ணுக்கும் டேக் கெடையாது, கேட்டியா" என்று சொல்லி, பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அவர் போன அரைமணி நேரத்தில் ஃபோர்மேன் வந்தான். விழுப்புரத்துப் பக்கத்து ஆள், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், அவசரக்காரன்.

"யோவ், அந்த நாலாவது சாரத்துக்கு டேக் வேணும். எலக்ட்ரீசியனுங்க நிக்கிறானுங்க. மேலேர்ந்து எனக்கு ஃபோன் மேல ஃபோன்."

"அண்ணன் வரட்டும்."

"அவரு வர மத்தியானம் ஆவும். ஒனக்குத்தான் அவரு கையெழுத்து வருமே, ஊருக்கே தெரியும். போடு. நம்ம ஆளுங்க கட்டுனதுதான, ஒண்ணும் ஆவாது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நம்ம ஸ்டோர்ல ஆள் மாத்தப் போறாங்க. நான் சொன்னா நடக்கும்."

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. போட்டேன்.

மேல்தட்டில் இரண்டு பலகைக்குக் கட்டு இல்லை. பீகார்க்கார எலக்ட்ரீசியன் கால் வைத்ததும் பலகை நழுவியது. உடம்பில் மாட்டியிருந்த ஹார்னஸ் பட்டை பிடித்துக்கொண்டது. கீழே நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவன் காற்றில் தொங்கினான், சத்தம்கூடப் போடவில்லை. இறக்கிய பிறகு தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டான். அடி எதுவும் இல்லை. நான் பெட்டியைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றேன்.

மத்தியானம் விசாரணை. மேஜையில் அந்த டேக். அவர் மெடிக்கலிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஃபோர்மேன் தரையைப் பார்த்தான். நான் ஃபோர்மேனைப் பார்த்தேன். சேஃப்டி ஆபீஸர் கேட்டார், இது யார் கையெழுத்து என்று. கோச்சண்ணன் டேக்கை எடுத்தார். திருப்பினார். பின்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். அந்த அறையில் அதற்கு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"என் கையெழுத்துதான்" என்றார்.

காலையில் அவர் சைட்டிலேயே இல்லையே என்று கேட்டார்கள். போகும் முன்னால் பார்க்காமலே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன் என்றார். பார்க்காமல் போட்டாராம்! இத்தனை வருஷத்தில் பார்க்காமல் ஒரு நகத்தைக்கூட விட்டதில்லை அந்த மனிதர். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவ்வளவு கோழை நான், இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை.

மூன்று நாளில் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எல்லா ரூம் வாசலிலும் பூட்ஸ் துடைத்து ஜோடியாக இருந்தது, யாரும் சொல்லாமலே. வேன் வருவதற்குள் எங்கள் ரூமுக்கு வந்தார். மற்றவர்கள் வெளியே போய்விட்டார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"டேக் பெட்டிய ஒங்கிட்ட விட்டுட்டுப் போனது ஆருல? நாந்தான? ஒருக்கா கள்ள ஒப்பு போட்டவன்னு தெரிஞ்சுதான விட்டேன். காலு சரியாயிட்டான்னு மட்டும் பாத்தேன், மத்தத பாக்கல. அப்ப அது நான் பாக்காமப் போட்ட ஒப்புதான்."

"என்னைத் திட்டுங்கண்ணே, நாலு அறை அறைங்க."

"அதெல்லாம் எதுக்கு? கால நீட்டு."

நீட்டினேன். முழங்காலில் விரலை வைத்து அழுத்தினார். வலியே இல்லை, எப்போதோ ஆறிவிட்டது. எனக்குத்தான் கண்ணில் நீர் முட்டியது. "காலு கொள்ளாம்" என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு டேக்கை எடுத்தார். மார்க்கரால் கையெழுத்துப் போட்டு, புள்ளியை அழுத்தி வைத்து, என் கட்டில் காலில் மாட்டினார்.

"இப்ப பாத்தாச்சு மக்கா" என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனார்.

ஃபோர்மேன் வாக்கு தவறவில்லை. இரண்டு மாதத்தில் எனக்கு எங்கள் கம்பெனி ஸ்டோரிலேயே வேலை கிடைத்தது. ஏசி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. டேக்குகள் அட்டைப்பெட்டியில் வருகின்றன, எண்ணிக் கொடுப்பது நான்தான். டீம் அந்த வருஷம் பழக்கத்திலேயே இன்னொரு கோப்பை அடித்தது, பிறகு மெல்ல மெல்லக் கலைந்துபோனது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் தூங்குகிறேன். தூக்கம்தான் சரியாக வருவதில்லை. ஐந்தேகாலுக்குக் கண் தானாகத் திறந்துகொள்கிறது.

ரூம் இரண்டு தடவை மாறிவிட்டேன். டேக்கும் கூடவே மாறியது. புதிதாக வருகிறவர்கள் இது என்ன என்று இந்தியில் கேட்பார்கள், "பாய், யே க்யா ஹை?" ரிப்பேர் என்று சொல்லிவைப்பேன். கோச்சண்ணனின் ஃபோன் நம்பர் இருக்கிறது, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்வி. போன லீவில் அந்த டேக்கைப் பையில் வைத்து எடுத்துப் போனேன். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டேன். அவர் ஊருக்குப் போகிற பஸ் எதிரிலேயே நின்றது. ஒரு டீ குடித்தேன். பஸ் போனது. இன்னொரு டீ குடித்தேன், அடுத்த பஸ்ஸும் போனது. போய் என்ன சொல்வது, இப்போது பாருங்கள் அண்ணே, நான் சரியாகிவிட்டேன் என்றா?

அறந்தாங்கிக்கே திரும்பினேன். லீவு முடிந்து கேம்ப்புக்கு வந்து பெட்டியைத் திறந்ததும், முதல் வேலையாக அந்தச் சிவப்பு டேக்கை எடுத்துக் கட்டில் காலில் மாட்டினேன்.